மறுமொழி எழுதாத உறவினர்

பொருத்தம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர்க்கு நினைவில் எழுவது திருமணப் பேச்சே. தினம், கணம், இராசி, ரச்சு என்று பத்துப் பொருத்தம் பார்த்துச் சம்பந்தம் செய்யும் வழக்கம் நம் குடும்பங்களில் இன்றும் உண்டு. அண்மைக் காலத்தில் இச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் சேர்ந்துள்ளது. சிறு குழாயொன்றில் உமிழ்நீரைச் சேர்த்து அனுப்பினால், அதிலுள்ள மரபணுவை ஆராய்ந்து, முன்பே உமிழ்நீர் அளித்தோர் பட்டியலுடன் ஒப்பிட்டு, இன்னார் இன்னார் உமக்கு இரத்த உறவினர் என்று தெரிவிக்கும் நிறுவனங்கள் மேல்நாடுகளில் தோன்றியுள்ளன. அவ்வாறு தெரிவிக்கப்படும் உறவினரையே மரபணுப் பொருத்தம் என வழங்குகின்றனர். 2012-ஆம் ஆண்டில் இத்துறையில் இறங்கிய ஆன்செஸ்ட்ரி என்னும் நிறுவனத்தின் பட்டியலில் மட்டும் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டோர் இடம் பெற்றுள்ளனர்.

பட்டியல் எளிதில் கிடைத்துவிடுகிறது, உறவுதான் கிடைப்பதில்லை. பட்டியலில் உள்ளவர்க்கு ஆவலோடு கடிதம் எழுதுகிறோம். வாரம் செல்கிறது, மாதம் செல்கிறது, ஆண்டும் செல்கிறது, மறுமொழி வருவதில்லை. இவ்வாறு மௌனமாய் இருப்போரைப் பற்றி என்ன நினைப்பது, அவர்களை எவ்வாறு அணுகுவது, அணுகியும் பயனில்லாதவிடத்து என் செய்வது என்பன குறித்து, எங்கள் குடும்பம் பட்டறிந்தவற்றையும் படித்தறிந்தவற்றையும் சங்க அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

கடல் கடந்த கிளைகள்

குடிபெயர்ந்து வாழும் நம் போன்ற குடும்பங்களுக்கு இச்செய்தி புறம்பானதன்று. பிழைப்பை நாடி நம் முன்னோர் சிலர் ரயிலேறி வடக்கே வந்தனர். வேறு சிலர் அதற்கு முன்பே கப்பலேறிவிட்டனர். 1834 முதல் மொரீஷியஸ் தீவுக்குச் சென்ற இந்தியத் தொழிலாளர் ஏறத்தாழ நான்கரை இலட்சம் பேர். 'ட்ரூரோ' என்னும் கப்பல் 1860-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையை விட்டு, நவம்பர் 16-ஆம் நாள் 342 பேருடன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை அங்குள்ள நேட்டால் பகுதிக்குச் சென்றோர் ஒன்றரை இலட்சத்துக்கு மேல்; அவர்களுள் பெரும்பாலோர் சென்னைத் துறையில் கப்பலேறியவர்கள். புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்து ரெயூனியன், மார்த்தினீக், குவாதலூப் ஆகிய பிரெஞ்சுத் தீவுகளுக்குச் சென்றோரும் உண்டு.

இவர்களுடைய வழித்தோன்றல்கள் பலர் இன்று தம் பூர்வீக ஊரைத் தேடுகின்றனர். அவர்களுக்கு ஓர் இடையூறு உண்டு. மரபணுப் பட்டியல்களில் ஐரோப்பிய வழியினரே மிகுதி. இந்தியாவில் வாழ்ந்துகொண்டு சோதனை செய்து கொண்டோர் மிகச் சிலர். ஆகவே தாய்நாட்டிலிருந்து ஒரு பொருத்தம் கிடைப்பது அவர்க்கு அரிது. இங்குள்ள நமக்கும் நெருங்கிய பொருத்தம் ஒன்றோ இரண்டோதான் தென்படும். அந்த ஒருவரும் வாய் திறவாவிடின், குடும்பத்தின் ஒரு கிளையே நம் கண்ணுக்கு எட்டாமற் போகிறது. மௌனம் நம்மவரை அதிகம் வருத்துவதற்கு இதுவே காரணம்.

எண்ணும் உறவும்

மறுமொழி வரவில்லையே என்று வருந்துமுன், எழுதியது உரியவர்க்குத்தானா என்று பார்த்தல் வேண்டும். இருவர்க்குள் பொதுவாயுள்ள மரபணுவின் அளவைச் சென்டிமார்கன் என்னும் அலகால் குறிக்கின்றனர். மார்கன் என்ற அமெரிக்க அறிஞரின் நினைவாக இவ்வலகுக்குப் பெயரிட்டவர் ஹால்டேன் என்னும் ஆங்கிலேய அறிஞர். இவர் 1957-இல் நம் நாட்டுக்கே வந்து, கல்கத்தாவில் பணியாற்றி, பின்னர்ப் புவனேசுவரத்தில் தங்கி, 1964-இல் அங்கேயே காலமானார்.

ஒரே பாட்டனாரின் பேரப் பிள்ளைகள் இருவர்க்குச் சராசரியாக ஏறத்தாழ 870 சென்டிமார்கன் பொதுவாக இருக்கும். கொள்ளுப்பாட்டனார் ஒருவரேயாயின் சுமார் 230. எள்ளுப்பாட்டனார் ஒருவரேயாயின் சுமார் 70. இந்த மூன்றாம் படியில் பத்தில் ஒரு பங்கினர்க்குப் பொதுவாக ஒன்றும் காணப்படாமலே போவதும் உண்டு. எனவே பட்டியலில் பெயர் இல்லாமையாலேயே உறவில்லை என்று முடிவு கட்டலாகாது.

இக்கணக்கு நம்மவர்க்கு அப்படியே பொருந்திவிடாது. மாமன் மகள், அத்தை மகள், அக்காள் மகள் என்று உறவுக்குள்ளேயே பல தலைமுறையாகக் கொண்டும் கொடுத்தும் வந்தவர் நாம். அதனால் ஒரே முன்னோரின் மரபணு இரண்டு மூன்று வழிகளில் நம்மை வந்தடைகிறது. தொலைவான உறவினரும் நெருங்கியவர் போலத் தோற்றம் அளிப்பர். ஆகவே மொத்தத் தொகையை மட்டும் பாராது, தொடர்ச்சியாய் அமைந்த மிக நீண்ட துண்டு எவ்வளவு என்பதையும் பார்த்தல் நலம். சிறு சிறு துண்டுகள் பல சேர்ந்து தொகை பெரிதாகியிருப்பின், அது பழைய சமூக உறவாக இருக்கக்கூடும். நீண்ட துண்டு இருப்பின், அண்மைக் காலத்து முன்னோர் ஒருவர் இருவர்க்கும் பொதுவாய் இருத்தல் கூடும். இவ்வாறு ஆராய்ந்து, எழுதத் தக்க நால்வரைத் தேர்ந்துகொண்டால், நாற்பது பேர்க்கு எழுதிச் சோர்வடைய நேராது.

மௌனத்தின் காரணங்கள்

ரயில் நிலையத்தின் பார்சல் அறையில் எடுத்துச் செல்வாரின்றிக் கிடக்கும் பொதிகளை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். உடையவர் வேண்டாமென்று விட்டுப்போனவை அவற்றுள் மிகச் சில. வந்த செய்தி எட்டாதவையும், முகவரி மாறியவையும், ரசீது தொலைந்தவையுமே பல. மறுமொழி வாராக் கடிதங்களின் கதையும் இத்தகையதே.

பலர் நம் கடிதத்தைக் கண்டிருக்கவே மாட்டார்கள். நாம் எழுதுவது அந்நிறுவனத்தின் ஏட்டில் தங்கி, அவர் என்றோ கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்கு ஓர் அறிவிப்பு மட்டும் செல்கிறது. அம்முகவரியை அவர் கைவிட்டு ஆண்டுகள் பல ஆகியிருக்கலாம். பண்டிகைப் பரிசாக வந்த சோதனைப் பெட்டியை விளையாட்டாகப் பயன்படுத்தி, தம் முன்னோர் எந்நாட்டவர் என்று ஒரு முறை பார்த்துவிட்டு, மீண்டும் அப்பக்கம் செல்லாதவரும் பலர். முதியோர் பெயரில் உள்ள கணக்கை மகனோ மகளோ கவனித்து வருவதுண்டு. உரியவர் காலமாகிவிட்டதும் உண்டு.

கண்டும் எழுதாதவர் சிலர். அவர்களுள் பலர், கேட்டதற்கு விடை தெரியாமையால் வாளா இருப்பவர். 'பாட்டனார் பெயரே தெரியாதே, என்னத்தை எழுதுவது' என்ற கூச்சம் அவர்க்கு. வேறு சிலர்க்கு அச்சம். முன்பின் அறியாத ஒருவர் பூர்வீகம் விசாரித்தால், சொத்தில் பங்கு கேட்க வருகிறாரோ, பணம் பறிக்க வருகிறாரோ என்று எண்ணுவது இயல்பே. நம் வீட்டுக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால் நாமும் அவ்வாறே எண்ணுவோம். 2018-இல் கலிபோர்னியாவில் பழைய கொலைக் குற்றங்களுக்குரிய ஒருவரை, அவருடைய தூரத்து உறவினர் மரபணுவைக் கொண்டே காவல்துறையினர் கண்டுபிடித்தனர். 2023-இல் 'டுவென்டித்ரீ அண்டு மீ' என்னும் நிறுவனத்திலிருந்து ஏறத்தாழ 69 இலட்சம் பேருடைய விவரங்கள் களவு போயின. 2025 மார்ச்சில் அந்நிறுவனம் நொடித்து நீதிமன்றத்தை நாடியது. இவற்றைக் கேள்வியுற்றோர் கதவைச் சாத்திக்கொள்வதில் வியப்பில்லை.

இறுதியாக, துயரத்தால் பேசாதவரும் உளர். தத்து, மறைத்து வைத்த மணம், விட்டுவந்த மனைவி, மாற்றிச் சொன்ன சாதி என்று குடும்பங்கள் மூடி வைத்த செய்திகள் எத்தனையோ. கப்பலேறுமுன் கூலி டிப்போவிலேயே துணை தேடிக்கொண்டோர் உண்டு. ஊரில் ஒரு குடும்பமும் தோட்டத்தில் ஒரு குடும்பமுமாய் வாழ்ந்து மறைந்தோரும் உண்டு. நமக்கு வரலாறாய் இருப்பது பிறர்க்கு ஆறாத புண்ணாய் இருக்கலாம்.

கடிதம் எழுதும் முறை

ஒரு கடிதத்தில் ஒரு பொருளே இருக்க வேண்டும் என்பது அலுவலக விதி. ரயில்வேயில் குமாஸ்தாவாய் இருந்து பழகிய எங்களுக்கு இவ்விதி இங்கும் கைகொடுத்தது. நான்கு பக்க வம்ச வரலாற்றைக் கண்டவர் 'பிறகு பார்ப்போம்' என்று மூடிவிடுவர். நான்கு வரியைக் கண்டவர் படித்துவிடுவர். யாருடைய உமிழ்நீர், பட்டியலில் அவர் எப்பெயரில் காணப்படுகிறார் என்பதை முதலில் குறித்தல் வேண்டும். ஏனெனில் பெறுபவர் மூன்று நான்கு பேருடைய கணக்குகளைப் பார்ப்பவராய் இருக்கலாம். நாம் அறிந்ததைக் கொடுத்து, அறியாதது ஒன்றை மட்டும் கேட்க வேண்டும். தென்னாப்பிரிக்கர்க்கு ஆங்கிலத்திலும், ரெயூனியன், குவாதலூப் தீவினர்க்குப் பிரெஞ்சிலும் எழுதினாலன்றிப் பலர்க்கு விளங்காது. எங்கள் கடிதத்தின் கருத்து வருமாறு:

'வணக்கம். தங்கள் பட்டியலில் இன்ன பெயரில் காணப்படுபவர் எங்கள் தந்தையார். அவருடைய பாட்டனாரின் தமையனார் 1905-ஐ ஒட்டி வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து நேட்டாலுக்குச் சென்றதாக எங்கள் வீட்டார் சொல்லி வந்தனர். தங்கள் முன்னோருள் அப்பகுதியிலிருந்து வந்தவர் எவரேனும் உண்டா? அறியோம் என்று எழுதினாலும் எங்களுக்கு உதவியே. பணத்தையோ சொத்தையோ நாடி இதனை எழுதவில்லை. தங்களிடமிருந்து பெறும் எதையும் தங்கள் இசைவின்றி எங்கும் வெளியிட மாட்டோம்.'

முதற் கடிதத்தில் சாதியைக் கேளாதிருத்தல் நன்று. கேட்பது நமக்கு இயல்பாகத் தோன்றினும், பெறுபவர்க்கு அது புண்படுத்தும் கேள்வியாகலாம்; தெரியாத கேள்வியாகவும் இருக்கலாம். யாருக்கு, எந்நாளில், என்ன எழுதினோம் என்று ஒரு குறிப்பேட்டில் பதிந்து வருதலும் வேண்டும். மூன்று மாதம் பொறுத்து ஒரு நினைவூட்டுக் கடிதம் எழுதலாம். அதில், இதற்கு மேல் தொல்லை தரமாட்டோம் என்று கூறி, நம் மின்னஞ்சல் முகவரியைக் குறித்துவிட வேண்டும். சொன்ன சொல்லைக் காக்கவும் வேண்டும். வேறு வழிகளில் அவர் வீட்டு முகவரியையும் அலுவலகத்தையும் துருவிக் கண்டுபிடித்து வாயிலில் நிற்பது உறவாகாது. இரத்தம் ஒன்றாயினும், பேசாதிருக்க அவர்க்கு உரிமை உண்டு.

எங்கள் வீட்டு நிகழ்ச்சி

மேற்கண்ட கடிதம் எழுந்த வரலாறு இது. எங்கள் கொள்ளுப்பாட்டனாரின் தமையனார் வீட்டில் மனத்தாங்கல் கொண்டு சென்னைக்குச் சென்று கப்பலேறினார். தொடக்கத்தில் இரண்டொரு கடிதம் வந்ததாம், பின் ஒன்றுமில்லை. அவர் இறந்த நாள் தெரியாமையால், மகாளய அமாவாசையன்று அவர்க்கும் சேர்த்து எள்ளும் நீரும் விடுவது எங்கள் குடும்ப வழக்கம். எங்கள் தந்தையார்க்கு வயதாகிவிட்டது. 'அவர் திதி என்றைக்கு என்று தெரிந்தால் என் கையால் ஒரு முறையாவது செய்துவிடுவேன்' என்று அடிக்கடி கூறுவார். வெளிநாட்டில் பணிபுரியும் மைத்துனர் சோதனைப் பெட்டியைக் கொணர்ந்தபோது, அதன் நன்மை தீமைகளை எடுத்துச் சொல்லி, அவர் இசைவு பெற்றே உமிழ்நீர் எடுத்து அனுப்பினோம்.

வந்த பட்டியலில் தலையெழுத்துகள் மட்டும் கொண்ட பெயர் ஒன்று 112 சென்டிமார்கனுடன் நின்றது. தமையனாரின் கொள்ளுப்பேரர் ஒருவராயின் ஏறத்தாழ அவ்வளவே இருக்க வேண்டும். எழுதினோம், நினைவூட்டினோம். ஓராண்டுக்கு மேலாகியும் மறுமொழி இல்லை.

இவ்விடத்தில்தான் பொதுப் பொருத்தம் என்னும் வசதி உதவியது. மௌனமாய் இருப்பவர்க்கும் நமக்கும் பொதுவாக வேறு யார் யார் உறவினர் என்பதை நிறுவனமே காட்டும். அவ்வாறு காணப்பட்டவருள் 38 சென்டிமார்கனே உடைய இளம்பெண் ஒருத்திக்கு எழுதினோம். பத்தாம் நாள் விடை வந்தது. தம் பாட்டியார் பெட்டியில் ஒரு தாள் இருந்ததாகவும், அதில் கண்ட எண் இதுவென்றும் எழுதி, 'நீங்கள் முன்பு எழுதியவர் எங்கள் பெரிய கிளையைச் சேர்ந்தவராய் இருக்கலாம். பழைய காகிதங்கள் அவர்களிடமே உள்ளன. எங்களுக்கும் அவர்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை' என்றும் தெரிவித்திருந்தார். அங்கும் ஒரு மனத்தாங்கல்!

அவர் தந்தது நேட்டால் அரசு ஒவ்வொரு தொழிலாளர்க்கும் இட்ட குடியேற்ற எண். அக்கப்பல் பட்டியல்களில் எண்ணுடன் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர், உடலின் அடையாளம் ஆகியவை குறிக்கப்பட்டன. டர்பனிலுள்ள குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண நிலையம் இவற்றைத் தொகுத்துள்ளது. எண்ணை வைத்துத் தேடியதில், தந்தை பெயரும் தாலுகாவும் எங்களுடையவற்றோடு ஒத்திருந்தன. ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தர் சிதைத்திருந்தாலும் அடையாளம் காண முடிந்தது. கப்பலேறிய நாள் கிடைத்துவிட்டது. இறந்த நாள் இன்னும் கிடைக்கவில்லை. அது பெரிய கிளையாரின் காகிதங்களில் இருக்கலாம். அவர்க்கு மூன்றாம் கடிதம் எழுதுவதில்லை என்று உறுதி செய்துள்ளோம். அவ்விளம்பெண்ணிடமும் அவருடைய முகவரியைக் கேட்கவில்லை.

தேடுவோர்க்குச் சில குறிப்புகள்

பெயரை மட்டும் நம்பித் தேடுவோர் வழி தவறுவர். கவுண்டர் என்பது தென்னாப்பிரிக்காவில் கோவெண்டர் என்றும், முதலியார் என்பது மூட்லி என்றும், முனிசாமி என்பது மூன்சாமி என்றும் வழங்கலாயிற்று. பிரெஞ்சுத் தீவுகளில் முத்துசாமி என்னும் ஒருவருடைய இயற்பெயரே அவர் வழியினர் அனைவர்க்கும் குடும்பப் பெயராய் அமைந்தது. இங்கோ தந்தை பெயரின் முதலெழுத்தை இடுவதால், தலைமுறைதோறும் பெயர் மாறுகிறது. நம் பெயரைக் கண்டு அங்குள்ளவர்க்கு ஒன்றும் விளங்காததில் வியப்பென்ன?

மாவட்டப் பெயரும் அவ்வாறே. 1905-இல் வட ஆர்க்காடு என்று எழுதப்பட்ட ஊர், 1911-இல் அமைந்த சித்தூர் மாவட்டத்தில் சேர்ந்து இன்று ஆந்திரத்தில் இருக்கலாம். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களுள் ஒன்றிலும் இருக்கலாம். பழைய ஆவணங்களுக்குச் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தை நாடலாம்.

இளையோர் மரபணுவினும் முதியோர் மரபணு பயன் மிக்கது. தலைமுறை ஒன்று ஏறும்போது முன்னோரிடமிருந்து வந்த பங்கு ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. வீட்டில் பெரியவர் இருப்பின், அவர் விரும்பினால், அவர்க்கே சோதனை செய்தல் நலம். அவர் நினைவில் உள்ள ஊர், குலதெய்வம், உறவு முறை ஆகியவற்றையும் உடனே எழுதி வைத்தல் வேண்டும். பொருத்தம் காட்டும் பட்டியல் நாளையும் இருக்கும். பாட்டியாரின் நினைவு நாளை இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

நம் கடமை

நிற்க, இதுகாறும் எழுதியது மறுமொழியை எதிர்பார்க்கும் நம்மைப் பற்றியது. மறுமொழி எழுத வேண்டியவராக நாமே அமையும் காலமும் உண்டு. மொரீஷியஸிலிருந்தோ டர்பனிலிருந்தோ பிஜியிலிருந்தோ ஒருவர், 'எங்கள் பாட்டனார் உங்கள் ஊரினர் போலும்' என்று நம்முள் ஒருவர்க்கு எழுதக்கூடும். ஊரை விட்டு வந்து பல்லாண்டான நமக்கு, அதற்கு விடை கூறும் தகுதி இல்லையென்று தோன்றலாம். தெரிந்தது ஊர்ப் பெயர் ஒன்றே என்றாலும் அதனை எழுதுவோம். ஒன்றும் தெரியாதென்றால் அதனையும் எழுதுவோம். விருப்பமில்லையெனில், விருப்பமில்லை என்று இனிய சொல்லால் தெரிவிப்போம். 'இல்லை' என்ற விடை பெற்றவர் வேறு வழி தேடுவார்; விடையே பெறாதவர் வாயிலை நோக்கி நின்றுகொண்டே இருப்பார்.

பணம் கேட்பவர்க்கும் அடையாள எண்கள் கேட்பவர்க்கும் எதுவும் தர வேண்டியதில்லை. ஊரும் பேரும் கேட்பவர்க்குக் கால் மணி நேரம் ஒதுக்குவதால் நமக்குக் குறைவொன்றும் இல்லை. அத்தகைய கடிதம் எவர்க்கேனும் வந்து, அதில் கண்ட ஊர்ப் பெயர் விளங்காவிடின், ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்கு எடுத்து வருமாறு வேண்டுகிறோம். ஆர்க்காடு, தஞ்சை, திருச்சி, நெல்லை என்று எல்லாச் சீமையினரும் கூடும் இடம் இது. ஆங்கிலத்தில் சிதைந்த பெயரைப் படித்து, 'இது நம்மூருக்கு அடுத்த ஊராயிற்றே' என்று சொல்லக்கூடிய பெரியோர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர்.